கூரை பிரித்த குடில்

ஆவூர் தேவாலய முற்றத்தில் சாயங்காலம் கிறிஸ்துமஸ் பாட்டு வழிபாடு நடக்கிறது. தீயில் குடிசை இழந்தவர்களுக்காகப் பாடுகிறார்கள். மூங்கில், கயிறு, தென்னங்கீற்று எனக் காணிக்கை குவிகிறது. வழிப்போக்கியான எனக்கும் பாயில் இடம் தருகிறார்கள்.

கட்டட வரைபடம் போடுபவள் நான். கண் முதலில் கூரையைத்தான் பார்க்கும். இயேசு பாலனின் குடிலுக்குக் கூரையே இல்லை.

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருப்பவளிடம் கேட்கிறேன்.

"கீத்து பத்தலையாங்க?"

"இருந்துச்சுங்க. நேத்து ராத்திரி பனியில இந்தப் பச்சப்புள்ள தாங்காதுன்னு பங்குச் சாமியார்தான் பிரிச்சு எங்க வீட்டுக்குப் போட்டுட்டாரு."

"அப்ப பாலனுக்கு?"

"அவரையும் எங்க வீட்டுக்கே வரச் சொல்லிட்டேன். நீங்களும் வாங்க, கஞ்சி குடிச்சிட்டுப் போகலாம்."

அடுத்த பாட்டு தொடங்குகிறது. எனக்குச் சொற்கள் தெரியாது. அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நன்றியோடு பாடுகிறேன்.