சுமைதாங்கிக் கல்லுக்கு உயரம் பார்த்த பயணம்

தை மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். ராஜபாளையத்துக்கு ஏழு மைல், டிக்கெட் இரண்டணா. தம்பி துணைக்கு வருகிறேன் என்றான். என் மகளுக்குக் கல் எடுக்க எனக்குத் துணை எதற்கு?

என் இளைய மகள் ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அப்படிப் போனவளுக்குச் சாலையோரம் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதில் இறக்கி இளைப்பாறினால், போனவளின் சுமையும் இறங்கும். ஊரில் மடவார் வளாகத்துச் சாலையில் எங்கள் பங்காளி வீட்டார் ஐந்தடிக்குள் ஒன்று நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நம்முடையது ஏழடியில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துதான் புறப்பட்டேன்.

பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து ராஜபாளையத்தில் இறங்கினேன். வாசலில் மாட்டுவண்டி, போகவர எட்டணா. கல் உடைக்கிற கரட்டுக் குன்றுக்குச் சோழபுரம் போகிற பாதையில் மூன்று மைல். இருபுறமும் பருத்திக் காடு.

"கரட்டுல ஒங்களுக்கு என்ன ஜோலி ஆச்சி? அங்க வெடியும் புழுதியுந்தான்" என்றான் வண்டிக்காரன்.

"நீ மாட்டப் பாத்து ஓட்டுலே."

ஒன்பதரைக்குச் சேர்ந்தோம். அங்கே நின்றது பாதிக் கரடுதான். கீழே பெண்கள் ஜல்லிக் கூடை சுமந்து வண்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிக் கரடு எங்கே என்று கல்வேலைக்காரர் சுடலைமுத்துவிடம் கேட்டேன்.

"நீங்க வந்த ரயிலுக்கடியில கெடக்கு ஆச்சி. தண்டவாளம் போட்டப்ப அம்புட்டும் ஜல்லியாப் போச்சு. இப்ப பஞ்சாலைக்கு அஸ்திவாரம்."

வெடி வைத்த கல்லை அவர் எனக்குத் தரவில்லை. உள்ளே விரிசல் ஓடியிருக்குமாம். கரட்டின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே பாறையில் சின்னச் சின்னக் குழிகள், தையல் போட்டது போல வரிசையாக. அந்தக் காலத்தார் அவற்றில் மர ஆப்பு அடித்துத் தண்ணீர் ஊற்றுவார்களாம். மரம் ஊறி உப்ப, பாறை தானே பிளந்து கொடுக்கும். அவர் சுத்தியலால் தட்டினார். வெண்கலம் போல ஒலித்தது. எனக்குத் திருப்தி.

"எம்புட்டு ஒசரம்?"

"ஏழடி. மடவார் வளாகத்துச் சாலையில நடணும்."

மூங்கில் கோலால் அளந்து பாறையில் கரிக்கோடு போட்டார். கூடையோடு அந்த வழியே வந்த மாடத்தி என்பவள் நின்று, என்ன கோடு என்று கேட்டாள். சொன்னேன்.

"ஏழடியா! கோயில் யானதான் வந்து சுமை எறக்கணும்."

"ஏட்டி, எங்க வீட்டுக் கல்லுக்கு நீ அளவு சொல்லுதியா?"

"கோவப்படாதீய ஆச்சி. இதச் செத்த நேரம் தலையில வச்சுப் பாருங்க. பொறவு நூறடிகூட நடுங்க."

வீம்புக்குச் சம்மதித்தேன். பாதி ஜல்லியைக் கொட்டிவிட்டு, என் தலையில் சும்மாடு வைத்து, அவளும் சுடலைமுத்துவுமாகக் கூடையை ஏற்றினார்கள். தலைச்சுமை அறியாத உடம்பு. கழுத்து நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது போல இருந்தது. கூடையை ஒரு விரற்கடைகூட உயர்த்த முடியவில்லை. கோடு எங்கேயோ மேலே இருந்தது. பக்கத்தில் காது உயரத்தில் ஒரு பாறைத் திட்டு. அதை ஒட்டி நின்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன். கூடை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

"நீங்கல்லாம் எங்கட்டி எறக்குவிய?" என்று கேட்டேன்.

"ஏத்த ஒரு ஆளு, எறக்க ஒரு ஆளு. அந்த ஆளு வார வரைக்கும் நிக்கதுதான். நெறமாசத்துலயும் நின்னிருக்கேன்."

மாடத்தியின் தோளைப் பிடித்துப் பாறையோடு சேர்த்து நிறுத்தினேன்.

"இவ காது ஒசரத்துக்கு அளங்க. கல்லையும் இங்கயே நட்டுருங்க" என்றேன் சுடலைமுத்துவிடம்.

"மடவார் வளாகத்துக்கு வேண்டாமா? அங்கன்னா நாலு பேரு கண்ணுல படும்."

"அங்க ஒண்ணு நிக்கி. இங்க ஒண்ணுமில்ல."

மாடத்தி திட்டிலிருந்து கூடையைத் திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். "மக பேரு என்ன ஆச்சி?"

"எதுக்கு?"

"சுமை எறக்கயில அவ பேரச் சொல்லணும்லா."

"ஆவுடை" என்றேன்.

ஊரில் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை, நான் அழுதுவிடுவேன் என்று. எட்டு மாதமாக அது என் காதில் விழவில்லை. வண்டி கரட்டை விட்டு இறங்கும்போது மாடத்தி மற்றப் பெண்களிடம் அதைச் சொல்வது கேட்டது. "ஆவுடையா?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். "ஆவுடை" என்றாள் இன்னொருத்தி.

வண்டியைச் சற்று நிறுத்தச் சொன்னேன்.