நேர்காணலுக்குப் போன நீலச் சட்டை

உள்ளறையில் ஓர் ஆணின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுப்படியில் பால் விடாத கட்டன்சாயா ஆற்றிக்கொண்டிருந்த முத்துப்பேச்சியின் கை அப்படியே நின்றது. கணவன் சோலை இறந்து ஆறு வருடம். எஸ்டேட் கொடுத்த அந்த லைன் வீட்டில் ஆண்குரல் கேட்டும் ஆறு வருடம்.

"ஏட்டி இந்து! யாருட்டி உள்ள?"

"நாளைக்கு ஒன்ன இன்டர்வியூ எடுக்கப்போற ஆளும்மா. போன்ல சிரிக்காரு. வந்து மூஞ்சியப் பாத்துக்கோ."

பள்ளிவாசல் எஸ்டேட்டில் இருபத்துநாலு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் முத்துப்பேச்சி. இனி கொழுந்து வெட்டும் கத்தரியைத் தூக்கினால் வலது தோள் நிரந்தரமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதத்தோடு எஸ்டேட் வேலை முடிகிறது. வேலை இல்லாதவளுக்கு லைன் வீடும் இல்லை. சித்திரபுரத்துக்கு மேலே ஒரு ரிசார்ட்டில், விருந்தாளிகளைத் தேயிலைக்குள் கூட்டிப்போய் விளக்கம் சொல்ல ஆள் தேவை, தங்க அறையும் உண்டு என்று இந்துதான் கண்டுபிடித்தாள். மூணாறு கல்லூரியில் படிக்கிறவள்.

"அவங்க நம்மள விசாரிக்கிற மாதிரி நாமளும் அவங்கள விசாரிச்சிட்டுப் போணும்மா. என்ன பிடிக்கும்னு தெரிஞ்சு ரெண்டு வார்த்த புகழ்ந்துட்டா வேலை ஒனக்குத்தான்."

"இதென்னட்டி, மாப்பிள்ள பாக்கப் போற மாதிரில்ல இருக்கு!"

"அப்படித்தான்னு வையி. பேரு ரிஜின். ஊரு தொடுபுழா. மீன் பிடிக்கப் பிடிக்கும். இவரு பேஜ்ல பழைய படமெல்லாம் ஏகப்பட்டது கெடக்கு..."

பேசிக்கொண்டே போன இந்துவின் விரல் நின்றது.

திரையில் முத்துப்பேச்சி இருந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கையில் கத்தரியோடு, பல் தெரியச் சிரித்தபடி. சேலைக்கு மேல் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. கீழே மலையாளத்தில் ஒரு வரி. இந்து தயங்கித் தயங்கி வாசித்தாள்.

"இவங்களுக்குச் சிரிப்புத்தான் கூலி."

கொழுந்துக்காட்டில் பெண்கள் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைத்தான் மேலே போட்டுக்கொள்வார்கள். இல்லாவிட்டால் குச்சி கையைக் கிழித்துவிடும். சோலை அந்த நீலச் சட்டையை மட்டும் தொடவிட மாட்டான். "புதுசுடீ, கண்ணு வைக்காத" என்பான். அவன் போன இருபதாம் நாள்தான் அது அவள் உடம்பில் ஏறியது. அதே நாளில்தான் ரோட்டோரம் கேமராவோடு நின்ற ஒருவன், "சேச்சி, ஒண்ணு சிரிக்கணும்" என்று விடாமல் கெஞ்சினான். தொலைந்து போகட்டும் என்று பல்லைக் காட்டினாள்.

கன்னத்தில் மின்னியது மழைத்துளி என்று அவன் நினைத்திருப்பான். அன்று மழையே பெய்யவில்லை!

"அம்மா, வெளிக்காட்டிக்காத. படம் நல்லாருக்குன்னே சொல்லிரு. வேலை முக்கியம்."

முத்துப்பேச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

மறுநாள் ரிசார்ட்டின் கண்ணாடி அறையில் ரிஜின் அவளை மேலும் கீழும் பார்த்தான். சேலைக்கு மேல் அந்த நீலச் சட்டை.

"சேச்சி தோட்டத்துலேந்து நேரா வந்நதா? இங்க கேரளா செட் சேலைதான் யூனிஃபார்ம். டூரிஸ்ட்டோட பழகின பரிசயம் உண்டோ?"

"உண்டு சாரே. ஆறு வருசமா ஒங்க போன்ல நின்னு சிரிச்சிக்கிட்டுல்ல இருக்கேன்."

இந்துவின் போனை மேசைமேல் வைத்தாள். அவன் படத்தைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். அது யாருடையது, அன்று என்ன நாள் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் தலை குனிந்தது.

"கூலி எஸ்டேட்டுல குடுத்தாங்க சாரே. சிரிப்பு நீங்க கேட்டதுக்கு நான் குடுத்தது. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. எந்தச் செடிய எப்பக் கவாத்து பண்ணணும், ரத்தம் உறிஞ்சுற அட்டை எங்க கெடக்கும், எந்தப் பாதை வழுக்கும், எல்லாம் சொல்லித் தருவேன். சிரிக்கச் சொன்னா மட்டும் சிரிக்க மாட்டேன்."

"அறியிக்காம்," என்றான் அவன். தகவல் சொல்கிறேன் என்று அர்த்தம். முகம் பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டில் இந்து அழுது தீர்த்தாள். "போச்சு! எல்லாம் போச்சு! எதுக்கும்மா ஒனக்கு இந்த வீம்பு?"

"போனாப் போட்டும். ஒங்கப்பன் சட்டைய அவமானப்படுத்திட்டு எனக்கு ஒரு அறை வேணுமாக்கும்?"

மூன்றாம் நாள் சாயங்காலம் லைன் முன்னால் ஜீப் வந்து நின்றது. ரிஜின் ஒரு சேலைப்பெட்டியோடு உள்ளே வந்தான்.

"படம் டிலீட் செய்தாச்சு சேச்சி. இது ஒரு சின்ன கிஃப்ட். வேலையும் உண்டு. கெஸ்ட் முன்னாடி வேண்டா, பின்னாடி துணி அலக்குற லாண்ட்ரில. ரூம் கிட்டும்."

இந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அறை! அடுத்த மாதம் தலைக்குமேல் ஒரு கூரை! ஒரே ஒரு 'சரி' போதும்.

முத்துப்பேச்சியின் கண் நிறைந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

"தப்புப் பண்ணினது நீங்க. ஒளிஞ்சிக்கிட வேண்டியது நானா சாரே? நான் கேட்டது தோட்டம் காட்டுற வேலை. அதுன்னா வாறேன். இல்லன்னா வேண்டாம். அந்தப் படத்தையும் ஏன் அழிச்சீங்க? திருப்பிப் போடுங்க. கீழ எழுதினத மாத்துங்க."

சுவரில் மாலையோடு தொங்கிய சோலையின் படத்தை ரிஜின் வெகுநேரம் பார்த்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். இந்து தன் போனில் அதைத் தேடி வாசித்தாள்.

"இவர் முத்துப்பேச்சி. இருபத்துநாலு வருடம் கொழுந்து எடுத்தவர். போட்டிருப்பது இறந்துபோன கணவரின் சட்டை. அன்று இவரைச் சிரிக்கச் சொன்னது என் தவறு."

வாசித்து முடித்த இந்து போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"திங்கக்கிழம காலைல எட்டு மணி," என்று ரிஜின் எழுந்தான். "தோட்டம் காட்டுற வேலைக்குத்தான்."

"சட்டை?"

"இட்டோ சேச்சி, அதையே போட்டுக்கோ."

அவன் வாசலைத் தாண்டியதும் முத்துப்பேச்சி பின்னாலேயே போய்ச் சேலைப்பெட்டியை அவன் கையில் திணித்தாள். அவன் மறுக்கவில்லை. ஜீப் இறக்கத்தில் இறங்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திங்கட்கிழமைக்காக நீலச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.