ஜிமிக்கி மிரண்ட கதை

செஞ்சி கடைவீதியில் யாரைக் கேட்டாலும் வெண்மதி டீச்சரைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள். கெட்டிக்காரி, ஆனால் வாயைத் திறந்தால் பிள்ளைகளுக்குக் கைகால் உதறும். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ராஜகிரிக் கோட்டை எதிரே தெரியும் பொட்டலில், உரக்கடை ஹரிஹரசுதன் நடத்தும் குதிரைப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டுதான் வீட்டுக்குப் போகும்.

லெவல் கணக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். முதல் லெவலில் குதிரை போடும் லத்தியை அள்ளவேண்டும், உடம்பு தேய்த்துவிட வேண்டும், குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கப் பழகவேண்டும். இரண்டாவதில் கடிவாளம் மாட்டி நடத்திக்கொண்டு போகலாம். மூன்றாவதில்தான் சேணம் பூட்டி ஏறலாம். நான்காவதில் ஓட்டம், ஐந்தாவதில் பாய்ச்சல். எந்த லெவலில் இருந்தாலும் சரி, அலட்சியமாக ஒரு தப்பு செய்தால் நேரே முதல் லெவலுக்கு இறக்கம். நகைக்கடை வீட்டுப் பையனும் எண்ணெய்க்கடை வீட்டுப் பெண்ணும் லத்திக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பதில் வெண்மதிக்கு ஒரு ருசி இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அந்த ருசிக்குக் காரணம் உண்டு. சிங்கவரம் காலனியில் பிறந்தவள். அவளுடைய நைனா ஊரார் நிலத்தில் மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கியே முதுகு வளைந்தவர். பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், புதுச்சேரிப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் ஆபீஸ் பெருக்கப் போனாள். பெருக்கியது போக மீதி நேரத்தில் குதிரைகளோடு நின்று நின்று, கீழே விழுந்து விழுந்து கற்றுக்கொண்டாள். ஹரிஹரசுதன் மகள் அனுஷாவின் ஆசைக்காகக் குதிரை வாங்கி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தபோது இவள் வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து கடைவீதிப் பிள்ளைகள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவர்களுடைய அம்மாக்கள் முதலில் 'அந்தப் பொண்ணு' என்றார்கள். பிறகு அவர்களும் டீச்சர் என்றார்கள். நைனாவைப் பெயர் சொல்லி வாடா போடா என்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவள் முன்னால் வரிசையில் நின்று 'சரி டீச்சர்' என்றார்கள். வெண்மதிக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் பெரிதாக வாய்க்கவில்லை. இது ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்த குதிரைகளில் வயதானது ஜிமிக்கி. செம்மண் நிறப் பெட்டைக் குதிரை, காதோரம் தொங்குகிற மாதிரி ஒரு வெள்ளை மச்சம். எந்தக் குழந்தை ஏறினாலும், எப்படி இழுத்தாலும் கோபிக்காது. வெண்மதி உரக்கப் பேசாத ஒரே உயிர் அதுதான்.

பாத்திரக்கடை வீட்டுப் பிருந்தா நான்காவது லெவல் வரை வந்தவள். பெற்றோர்களை அழைத்துப் பிள்ளைகளின் சவாரியைக் காட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு தப்பு செய்தாள். சேணம் பூட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்சம் நடக்கவிட்டு, மூச்சை விட்டதும் வயிற்று வாரை மறுபடி இறுக்க வேண்டும். இல்லையென்றால் சேணம் சரியும், ஆளும் சரிவார். பிருந்தா அந்த இரண்டாம் இறுக்கலை மறந்துவிட்டாள். எடுத்துச் சொல்லி இறுக்கவைத்திருந்தால் முடிந்திருக்கும். வெண்மதி அப்படிச் செய்யவில்லை.

"எறங்கு. மொத லெவலு. கூடைய எடு," என்றாள் அத்தனை பேர் முன்னாலும்.

"அப்பறமா எடுக்கறேன் டீச்சர்."

"இப்பவே."

புதுச் சட்டையும் பூட்ஸுமாக அந்தப் பெண் லத்தி அள்ளினாள். அவள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். பிருந்தா அதோடு வருவதை நிறுத்திவிட்டாள். பிறகு சென்னைக்குப் படிக்கப் போய், அங்கே ஒரு குதிரைச் சவாரி கிளப்பில் சேர்ந்து, சொல்லிக்கொடுக்கவும் பரீட்சை வைக்கவும் சர்டிபிகேட் வாங்கினாள் என்று கேள்விப்பட்டபோது, என்னிடம் கற்றதுதானே என்று வெண்மதி சிரித்தாள்.

படிப்பு முடித்துப் பிருந்தா ஊருக்கு வந்தாள். வந்த வாரத்திலேயே ஹரிஹரசுதன் வெண்மதியைக் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னா வெண்மதி, இப்ப எல்லாரும் சர்டிபிகேட் கேக்கறாங்க. உங்கிட்ட ஒண்ணும் இல்லியே. பிருந்தா உனக்கு டெஸ்ட் வெக்கட்டும். பாஸ் பண்ணிட்டா நீயே டீச்சர். இல்லாங்காட்டி குதிரைங்கள நீ பாத்துக்க, பசங்களுக்கு அவ சொல்லிக் குடுப்பா."

"நான் பழக்கின பொண்ணு சார் அவ. எனக்கு டெஸ்ட் வெப்பாளா?"

"இன்னாத்துக்கு டென்ஷன் ஆவற? தெரிஞ்சததான கேக்கப்போறா."

பரீட்சைக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்தாகவேண்டும் என்று கேட்டது பிருந்தா. வெண்மதி வழக்கமாக நிற்கும் இடத்தில் அவள் நின்றாள். முதல் லெவலிலிருந்து தொடங்கினாள்.

"வெண்மதி, குளம்ப தூக்கிக் காட்டுங்க. உள்ள இருக்கறதெல்லாம் ஒண்ணொண்ணா பேர் சொல்லுங்க. சத்தமா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெண்மதி சொன்னாள். "கேக்கல, இன்னொரு வாட்டி," என்றாள் பிருந்தா. மறுபடியும் சொன்னாள். பிருந்தா லத்தி அள்ளச் சொன்னாள், வெண்மதி அள்ளினாள். பிருந்தா ஏவிய ஒவ்வொரு வேலைக்கும் வெண்மதியின் காது மடல் சிவந்து சூடேறியது. சேணத்தைப் பூட்டும்போது கோபத்தில் அவளுக்குக் கண்ணே சரியாகத் தெரியவில்லை.

அங்கேதான் தப்பு நடந்தது. எத்தனையோ வருஷமாக அவளுக்காகச் சேணம் பூட்டி, வாரை இறுக்கிவைத்தது பிள்ளைகள். 'இறுக்கினியா?' என்று அதட்டியே பழகியவளுக்குத் தன் கையால் இறுக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஜிமிக்கியைக் கொஞ்சம் நடத்தினாள், நிறுத்தினாள், சேணத்தில் தொங்கும் அங்கவடியில் காலை வைத்தாள்.

ஏறுமுன் வாரில் விரல் விட்டுப் பார்ப்பது பரீட்சை வைப்பவளின் கடமை. பிருந்தா வந்தாள், கையை விட்டாள். இரண்டு விரல் நுழைய வேண்டிய இடத்தில் மணிக்கட்டு வரை போயிற்று. கையை எடுத்துக்கொண்டு வெண்மதியின் முகத்தைப் பார்த்தாள்.

"ம். ஏறுங்க," என்றாள்.

சவாரி வட்டத்தின் முதல் திருப்பத்திலேயே சேணம் புரண்டு குதிரையின் வயிற்றுக்கடியில் போனது. வெண்மதி தோளடித்து விழுந்தாள், தோள் எலும்பு முறிந்தது. வயிற்றில் சேணம் தொங்கினால் எந்தக் குதிரையும் வெறிபிடித்து உதைத்துக்கொண்டு ஓடும், கீழே கிடப்பவரை மிதித்துவிட்டு ஓடும். ஜிமிக்கி ஓடவில்லை. நான்கு காலும் நடுங்க நடுங்க அவள் மேல் படாமல் நின்றது. அந்தக் கிழட்டுக் குதிரை நின்றதால்தான் அவள் உயிரோடு இருந்தாள். அது அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்த ஹரிஹரசுதன் ஓடிவருவதற்குள் பிருந்தா சேணத்தை அவிழ்த்துக் கீழே போட்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

வார் தளர்ந்திருந்தது என்றால் வெண்மதி இனி டீச்சர் இல்லை. கையை விட்டுப் பார்த்தும் ஏறச் சொன்னாள் என்றால் பிருந்தாவின் சர்டிபிகேட்டுக்கு மதிப்பில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய் முந்தியது வெண்மதிக்குத்தான்.

"மெரண்டுச்சு சார். திடீர்னு மெரண்டு ஒரு பக்கமா எகிறிடுச்சு."

"ஆமா அங்கிள்," என்றாள் பிருந்தா உடனே. "அவங்க நல்லாத்தான் ஓட்டினாங்க. பாஸ்தான். குதிரதான் சரியில்ல."

அனுஷா முன்வரிசையில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தவள். வாயைத் திறந்தாள். வெண்மதி தரையில் கிடந்தபடியே அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே வளர்ந்த பெண், வாயை மூடிக்கொண்டாள்.

மிரளும் குதிரையைப் பிள்ளைகள் நடுவே வைத்துக்கொள்ள எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்பும் தரகர் பச்சைமுத்துவிடம் ஜிமிக்கியை விற்கப் பேசிமுடித்துவிட்டார் ஹரிஹரசுதன். வெடிச் சத்தத்திலும் ஜெனரேட்டர் இரைச்சலிலும் ஊர் ஊராக நிற்கவைப்பார்கள். கால் ஓய்ந்தால் அதற்கப்புறம் என்ன செய்வார்கள் என்பது வெண்மதிக்குத் தெரியாததல்ல. எலும்பு கூடட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

மினி லாரி வந்த காலையில் ஜிமிக்கி லாரியில் சாய்த்த பலகையில் கால் வைக்க மறுத்தது. பச்சைமுத்துவின் ஆட்கள் முன்னாலிருந்து இழுத்தார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள். அது தலையைத் திருப்பித் திருப்பி வெண்மதி எங்கே என்று பார்த்தது. வரிசையில் நின்ற பிள்ளைகளும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"கொஞ்சம் வந்து ஏத்திக் குடும்மா," என்றார் பச்சைமுத்து.

கட்டுப்போட்ட கையோடு அவள் போனாள். நல்ல கையால் கயிற்றை வாங்கி, "வா," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் ஏறினாள். ஜிமிக்கி மூக்கை அவள் முதுகில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறிவிட்டது. உள்ளே போனதும் அவள் கைக்கட்டை முகர்ந்து பார்த்தது. அழுதால் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று வெண்மதி அழுகையை அடக்கிக்கொண்டு இறங்கினாள்.

பச்சைமுத்துவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆயுசு முழுக்கக் குதிரையோடு கிடந்தவர்.

"இவ்ளோ சாதுவா இருக்குது. இதப் போயி மெரளும்னு சொன்னது யாரு?" என்று கேட்டார்.

ஹரிஹரசுதன் பக்கத்தில் நின்றார். பிருந்தா வேலி ஓரத்தில் நின்றாள். அனுஷா கண்ணைக் கசக்கிக்கொண்டு டீச்சரையே பார்த்தாள்.

"மெரளும்," என்றாள் வெண்மதி. "வழியில ஜாக்கிரத."

அப்படியா என்று பச்சைமுத்து மறுபடி லாரியில் ஏறினார். தலைக்கயிற்றை லாரியின் கட்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, முன்னங்கால் இரண்டையும் பிணைக்க இன்னொரு கயிறு கேட்டார்.