மிலாறுக்கு என்ன விலை?

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வசதியில்லாத பிள்ளைகளுக்காகச் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய பள்ளிக்கு நான் கணக்கு எழுதுகிறேன். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள், மதியச் சோறும் அங்கேதான். அந்தச் சோற்றுக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டுக்காரர்கள் போன வருடம் ஒரு நிபந்தனை போட்டார்கள்: செலவில் பத்தில் ஒரு பங்கை ஊரார் ஏற்றதாகக் கணக்கில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த தவணை வராது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரிடம் காசு கேட்பது? ஹட்டனிலிருக்கும் கணக்காய்வாளருக்கு போன் எடுத்தேன்.

"அடுப்புக்கு வெறகு யாரு தாராங்க?" என்றார்.

"பிள்ளைகளோட அம்மாமாருங்க. தேயிலைச் செடிய கவ்வாத்து பண்றப்ப வெட்டிப்போட்ட குச்சி, மிலாறு. சும்மாதாங்க சேர்."

"சும்மா வந்தாலும் வரவுதாம்மா. வெல போட்டு வரவுல எழுதுங்க. எரிச்சதும் அதே தொகைய செலவுல எழுதுங்க."

ஒரு சதம்கூடக் கையில் படாமல் வந்து, புகையாகப் போகும் பணம்! எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தேயிலைக் குச்சிக்கு என்ன விலை போடுவது? கடையில் விற்பது றப்பர் மர விறகு. மிலாறைக் காசுக்கு வாங்குகிறவர் டவுன் பேக்கரிக்காரர் ஒருவர்தான். அவர் சொன்ன விலை றப்பர் விலையில் பாதிகூட இல்லை. றப்பர் விலையைப் போட்டால் பங்கு நிறைந்துவிடும். என் மகள் சாப்பிடுவதால்தான் அது எனக்கு நியாயமாகப் படுகிறதோ? இரண்டு முறை எழுதி, இரண்டு முறை வெட்டினேன். கடைசியில் பேக்கரி விலையையே போட்டேன். பங்கு நிறையவில்லை.

மறுநாள் சமையல் முறைக்கு வந்திருந்த ஒரு பிள்ளையின் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வெல போட்டீங்களா? அப்ப நா கொண்டாராத அன்னிக்கு கடன்காரியாங்க?"

"ஐயோ இல்லங்க. பேரே எழுதல. வாரத்துக்கு ஒரு மொத்தந்தான்."

"அப்பன்னா எங்க பீன்சு என்ன பாவம் பண்ணுச்சு? கீர, கரட்டு எல்லாம் எங்க வீட்டுத் தோட்டத்துல இருந்துதானே வருது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. கணக்காய்வாளரிடம் மீண்டும் கேட்டேன். "எழுதலாம். ஆனா கண்ணால பாத்து எழுதாதீங்க, நிறுத்து எழுதுங்க" என்றார்.

அடுத்த நாளே சமையலறை வாசலில் தராசு தொங்கியது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். தராசைப் பார்த்ததும் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏய், தள்ளி நில்லுங்கடி! கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிறப் போறாங்க!"

"இங்க ஒண்ணும் கழிக்க மாட்டோங்க."

"அப்ப இன்னும் ரெண்டு பீட்ரூட்டு போடு!"

முள் எங்கே நிற்கிறது என்று அவர்களே குனிந்து பார்த்தார்கள், சத்தமாகச் சொன்னார்கள், நான் எழுதினேன். மாதம் முடிவதற்குள் பங்கு நிறைந்தது. தவணையும் வந்தது, சோறு நிற்கவில்லை.

பீன்ஸுக்கு நான் போட்டது ஹட்டன் சந்தை விலை. காய்கறி விளையும் நுவரெலியாவில் விலை அதைவிடக் குறைவு. எது சரி என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை கணக்காய்வாளரிடம் நானே கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.