மூன்றாம் நம்பர் பனியன்

மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினாலும் மோந்து பார்த்துத்தான் வாங்குவேன். தையற்காரர் மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுத்தால் சாண் போட்டு அளப்பேன். இப்படிப்பட்டவளை வீட்டில் விட்டுவிட்டு ஒரு மனிதர் கடல் தாண்டிப் பந்தாடப் போனார்.

எழுபதுகளின் நடுவில் மஸ்கட்டில் ஒரு கம்பெனி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டது. பேருக்கு ஸ்டோரில் வேலை. உண்மையில் அந்தக் கம்பெனி டீமில் ஆடத்தான் சம்பளம். சென்னையில் ஒரு கால்பந்துப் பந்தயத்தில் அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பிடித்துப்போன ஒருவர் ஏற்பாடு செய்தார். நான் செங்கல்பட்டில் அவருடைய அக்காவோடு ஏர்மெயிலுக்குக் காத்துக்கிடந்தேன்.

எங்கள் ஊர் டீமில் ஆட்டத்துக்குப் போடும் பனியன் அவரவர் சொந்தம். வீட்டுப் பெண்கள்தான் வெள்ளைத் துணியில் நம்பரை வெட்டி முதுகில் தைப்போம். அவர் லெப்ட் பேக், இடது பக்கம் தடுத்து ஆடுகிறவர்; அந்த இடத்துக்கு நம்பர் மூன்று. அவருடைய மூன்றை நான் தைத்தேன். அவர் இடத்தில் வேறு ஆள் நிற்க மாட்டார், அவரும் வேறு இடத்துக்குப் போக மாட்டார். எங்கள் கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, முதுகு பிடித்துக் குனிய முடியாமல் போன பிறகும் அந்த ஆளேதான் கோலில் நின்றார். ஊர் தோற்றதே தவிர, இன்னொருவர் அந்தப் பனியனைத் தொடவில்லை.

மஸ்கட்டிலிருந்து வந்த முதல் போட்டோவில் முதுகைக் காட்டித் திரும்பிச் சிரித்தார். மூன்றாம் நம்பர்தான். அடுத்ததில் ஒன்பது, முன்னால் நின்று கோல் போடுகிறவர் நம்பர். அதற்கடுத்ததில் கையுறை மாட்டிக்கொண்டு, முதுகில் கோலியின் ஒன்று! நாத்தனார் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாமே இது? எவன் பனியனையோ வாங்கி மாட்டிகினு போட்டோ புடிச்சி அனுப்பிக்கீறான். ஆடுறவன் ஒரு எடத்துல ஆடுவான். இவன் அங்க இன்னா பண்ணிகினு கீறான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.”

எந்த இடம் காலியோ அந்த இடத்தில் ஆடுகிறேன் என்று கடிதத்தில் அவர் எழுதத்தான் செய்தார். அதுவே பெரிய பொய்யாகப் பட்டது. பந்தாடவில்லை என்றால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறாரா? அதுகூடப் பரவாயில்லை, இன்னொரு குடித்தனம் வைத்திருக்கிறாரா? கடிதங்களைத் தரையில் பரப்பி, ஒன்றில் சொன்னதை இன்னொன்றில் மாற்றியிருக்கிறாரா என்று தேடுவேன். எதுவும் கிடைக்காது. கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறார் என்று அதற்கும் ஒரு கோபம் வரும்.

கடைசியில் நானே எழுதினேன். இனி மூன்றாம் நம்பர் தவிர வேறு பனியனில் போட்டோ வந்தால், சதுரங்கப்பட்டினத்தில் என் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன், வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று.

அதற்குப் பிறகு இரண்டு போட்டோ வந்தன. இரண்டிலும் மூன்று. பிடித்தேன் பார் என்று நாத்தனாரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த பெருநாளுக்கு முன்பே அவர் பெட்டியோடு வந்து இறங்கினார். “காண்ட்ராக்ட் முடிஞ்சிடிச்சி” என்றார். நம்பவில்லை. என்ன தப்பு செய்து மாட்டினாரோ என்று பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன், பெட்டியின் அடித்துணியைக்கூடக் கிளப்பிப் பார்த்தேன். நான் கலைத்ததையெல்லாம் அவரே அடுக்கி வைத்தார். மாமல்லபுரத்தில் அவருடைய மாமா வைத்திருந்த சோடாக் கடையில் போய் உட்கார்ந்தார். நானும் அங்கேயே குடிபோனேன்.

ஒருநாள் மதியம் ஒருவரைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தார். மஸ்கட்டில் அவரோடு ஆடியவர், வியாசர்பாடிக்காரர். லீவில் வந்தவர், சிற்பங்களைப் பார்க்க வந்த இடத்தில் சோடா குடிக்கப் போய் இவரைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, அண்ணாத்த மாரி ஒரு ஆளு இனிமே கெடைக்க மாட்டாரு. கோலிக்கு காலு ஒடிஞ்சா இவுருதான் கோலி. பார்வர்டு ஊருக்குப் போனா இவுருதான் பார்வர்டு. அதுக்கோசரம்தான் மேனேஜரு இவுர வுடாம வச்சிகினு இருந்தான். திடீர்னு ஒருநாளு, மூணாம் நம்பரு குடு, இல்லாட்டி எறங்க மாட்டேன்னு குந்திகினாரு. எந்த எடத்துலயும் ஆடுறதுக்கு எகிப்துக்காரன் ஒருத்தன் வந்தான். இவுர டிக்கெட்டு குடுத்து அனுப்சிட்டாங்க. இன்னாத்துக்கு இப்டி பண்ணாருன்னு இன்னிக்கும் எங்களுக்குப் புரியல.”

“முட்டி வலி. ஓட முடியல” என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

வந்தவரை அவர் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் கேட்டேன். “என் கடுதாசியாலதான்னு மேனேஜராண்ட சொல்லிருக்கலாமில்ல? ரெண்டு நாள் திட்டிட்டு வுட்டிருப்பாரே?”

கடைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நின்றார்.

“இன்னான்னு சொல்றது? எம் பொண்டாட்டியே என்னை நம்பலன்னா?”

அவர் சொன்ன ஒன்றை நான் சோதிக்காமல் நம்பியது அன்றைக்குத்தான். வெட்கத்தில் அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலுக்குக்கூட என்னால் வரமுடியவில்லை.