கை நனைக்காமல் போனவர்கள்

பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கேசரி, மிக்சர், காபி வரைக்கும் சரி, சோறு கூடாது. சோறு சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். இந்த வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, நிச்சயம் மகளைப் பெற்றவராக இருந்திருக்க மாட்டார்.

என் மகளை ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தன. இரண்டு வீட்டாருமே கேசரியைப் பாராட்டினார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நான் வாரக்கணக்கில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் மூன்றாவதாகக் கன்னிவாடியிலிருந்து பையனும் அவன் அப்பா அம்மாவும் மலையேறி எங்கள் ஊருக்கு வருவதாகச் சொன்னபோது எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. போன தடவைகளில் இவள் அதிகம் பேசிவிட்டாளோ என்று ஒரு சந்தேகம். "வாயைத் திறக்காத, தலையை நிமித்தாத" என்று சொல்லி வைத்தேன். அவளும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பையனின் அம்மா கேட்ட இரண்டு கேள்விக்கும் அவள் சொன்ன பதில் பக்கத்திலிருந்த எனக்கே கேட்கவில்லை.

"வெரசாக் கெளம்பணுங்க, பஸ்ஸு போயிரும். போயிச் சொல்லி அனுப்புறோம்" என்று அந்த அம்மா எழுந்தார்.

அதே வார்த்தை. அவர்கள் போன பிறகு அடுப்பைப் பற்றவைக்க மனசு வரவில்லை. "கடையில சாப்பிட்டுக்கிருவோம், வா" என்றார் என் கணவர். எங்கள் நாயுடுபுரம் தெருமுனையில் ஒரு சின்ன மெஸ் உண்டு. தகரக் கூரை, நான்கு மேசை, குடிக்க ஆவி பறக்கும் வெந்நீர். ஸ்கூல் நாளிலிருந்து மகளுக்கு அது இரண்டாவது வீடு.

மகளோடு உள்ளே நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. கடைசி மேசையில் அவர்கள் மூவரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு பட்டென்று நின்றது. எங்களைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். நல்லதாகப் பேசியிருந்தால் ஏன் நிறுத்த வேண்டும்? திரும்பிவிடலாம் என்று கணவரின் சட்டையை இழுத்தேன். அதற்குள் கடைக்காரர், "வாங்கக்கா, அந்த மேசையிலதான் எடமிருக்கு" என்று அவர்களுக்கு எதிரிலேயே மூன்று இலையைப் போட்டுவிட்டார்.

அந்த அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. "மலையேறுறப்ப ஒரே வாந்திங்க. காலையில இருந்து வெறும் வயிறு. பசி தாங்கல" என்றார்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றேன். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் அதுவும் கை நனைத்ததாக ஆகுமா? அப்படி நினைத்து இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்களோ? பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தேன்.

என் மகளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "அண்ணே, கோஸ்ல உப்பு கம்மி" என்று கடைக்காரரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். மறுசோறு வாங்கினாள். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். "ஏம்மா மிதிக்கிற?" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அவளோ எதிரிலிருந்த அம்மாவின் டம்ளரில் வெந்நீரை ஊற்றி, "வாந்தி எடுத்த வயித்துக்குக் குழம்பு வேணாங்க, ரசம் ஊத்திக்கங்க. மலை எறங்குறப்ப முன் சீட்டா பாத்து உக்காருங்க, தலை சுத்தாது" என்றாள்.

அந்த அம்மா அவளையே பார்த்தார். வீட்டில் ஒருமுறைகூட அப்படிப் பார்க்கவில்லை.

கடைக்காரர் ரச வாளியோடு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்களா?" என்று கேட்டார். என் கணவர் இருமினார். பையன் இலையைப் பார்த்தான்.

"இனிமேத்தாங்க" என்றார் அந்த அம்மா. "மொதல்ல பொண்ணுக்கு ஊத்துங்க."