மாமாவின் வாசலுக்கு அப்பா கொண்டுபோன தட்டம்

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா சாந்தமானவர், எறும்புக்கும் தீங்கு நினையாதவர் என்று எழுதும்படி பலர் சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சாந்தத்துக்காக அவர் ஒரு கண்ணைக் கொடுத்தார். அதை மறைத்துவிட்டு நல்ல வார்த்தைகளை மட்டும் அடுக்க, மூத்த மகளாகிய எனக்கு மனம் வரவில்லை.

அப்பா கொடிகாமத்தில் பிறந்தவர். போருக்குத் தப்பி, எல்லைக் காடுகளில் பனியில் நடந்து பாரிசுக்கு வந்து சேர்ந்தார். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, அங்கேயே சமையல்காரரானார். பிறகுதான் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். தம்பியும் தங்கையும் இங்கே பிறந்தார்கள்.

2009 வைகாசியில் போர் முடிந்த பிறகு, நம் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாத ஆண்கள் கடைவாசல்களில் நின்று, ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்தார்கள். அப்பா மட்டும், "வீட்டுக்கை கிடந்தால் விசர்தான் பிடிக்கும். வாங்கோ, சைக்கிள் எடுப்பம்" என்று வீடு வீடாகச் சொன்னார். அடுத்த வருடம் ஆனியில் லா வில்லெத்திலிருந்து கால்வாய்க் கரை வழியே செவ்ரான் வரை சைக்கிள் ஓடினோம். குழந்தைகள், சேலையைத் தூக்கிச் செருகிய அன்ரிமார், சோற்றுப் பார்சல்கள் என்று ஊரே திரண்டது.

அதற்கு அடுத்த வாரம் தங்கையின் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா, நடக்க இருந்தது. தாய்மாமன்தான் தேங்காய் உடைக்க வேண்டும். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, செவ்ரானில் இருந்தார். அவருடைய ஒரே மகன் அந்த வைகாசியில் வன்னியில் காணாமல் போயிருந்தார். மாமி முகாமிலிருந்து தனியாக வந்து சேர்ந்தார்.

எங்கள் ஆட்களுக்கு நல்ல காரியம் என்றால் குங்குமமும் கற்கண்டும் தட்டத்தில் வைத்து, வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்குத் தட்டம் கொண்டுபோகக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். அப்பா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்குத் தொலைபேசியில் மட்டும் சொன்னார். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்.

சைக்கிள் ஓட்டம் முடிந்து, செவ்ரானில் கால்வாய்க் கரையில் பார்சலைப் பிரித்துக்கொண்டு இருந்தபோது மாமா வந்தார். முதல் உதையில் அப்பாவின் சைக்கிள் கால்வாய்க்குள் போனது. அடுத்ததாக எட்டிப் பிடித்தது பக்கத்துச் சைக்கிளின் சங்கிலிப் பூட்டை.

"என்ரை பிள்ளை செத்துப்போனான் எண்டு உனக்கு ஆரடா சொன்னது?" என்று கத்தினார். "என்ரை வீடு செத்தவீடோ? சவம் எங்கை? காட்டடா!"

"மச்சான், நான் அப்பிடி..." என்று அப்பா தொடங்கினார். பூட்டு முகத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி உடைந்து கண்ணுக்குள் போனது. விழுந்த பிறகும் மாமா அடித்தார். சோற்றில் இரத்தம். தம்பி ஒரு சைக்கிளைத் தூக்கி மாமாவின் முதுகில் எறிந்தான். நான் அவருடைய கையைக் கடித்தேன். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து கேட்டது. அப்பா என்னைப் பார்த்து, "சைக்கிளாலை விழுந்தனான் எண்டு சொல்லு" என்றார். அந்தப் பொய்யை நான்தான் பிரெஞ்சில் சொன்னேன். 

விழா நின்றுபோனது. அம்மா குளியலறையில் தங்கையின் தலையில் தண்ணீர் வார்த்தார். வேறொருவரைக் கொண்டு தேங்காய் உடைக்க அப்பா சம்மதிக்கவில்லை. தம்பி சமையல் கத்தியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டான். கட்டுப் போட்ட முகத்தோடு அப்பா கதவை மறித்து நின்றார். "போறதெண்டா மிச்சக் கண்ணையும் குத்திப்போட்டுப் போ" என்றார். தம்பி கத்தியைச் சுவரில் எறிந்துவிட்டு அழுதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள், ஒரு புதுமனை, என் கல்யாணம், எதுவென்றாலும் அப்பா முதலில் தட்டத்தோடு செவ்ரானுக்குப் போனார். மூடிய கதவுக்கு முன்னால் நின்று, "மச்சான், மகனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு வருவார். ஒருமுறை கதவு திறந்தது. மாமா தட்டத்தைப் பறித்துப் படிக்கட்டில் வீசினார். அப்பாவின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அப்பா கைமணிக்கட்டு முறிந்து வீட்டுக்கு வந்தார்.

"உங்களுக்கு ரோசமே இல்லையோ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"தட்டம் கொண்டுபோகாமல் அவரின்ரை பிள்ளையை நான் செத்தவனாக்கிப்போட்டன். சாகேல்லை எண்டு நான்தானே போய்ச் சொல்லவேணும்?" என்றார் அப்பா.

அந்தக் கதவின் மீது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அப்பா வருடாவருடம் ஆனியில் ஒற்றைக் கண்ணோடு எல்லாருக்கும் முன்னால் சைக்கிள் ஓடினார். சிறுநீரகம் பழுதாகிக் கட்டிலில் விழும்வரை ஓடினார். கடைசி நாட்களில் அவருடன் இரவும் பகலும் இருந்த அயலவர்களுக்கும், செத்தவீட்டுக்குச் சமைத்துத் தந்த உணவக நண்பர்களுக்கும், உடலைத் தோளில் சுமந்த சைக்கிள் கூட்டத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நன்றி எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று மார்ன் ஆற்றங்கரையில் மாமா வந்து நின்றார். நரைத்துக் கூனியிருந்தார்.  தம்பியின் தோளை நான் பிடித்துக்கொண்டேன். ஐயர் அப்பாவின் பெயரைச் சொல்லித் தம்பியைப் பிண்டம் வைக்கச் சொன்னபோது, மாமா ஈர மணலில் இறங்கி வந்தார்.

"ஐயா, இன்னொரு பேரும் இருக்கு" என்றார். மகனின் பெயரைச் சொன்னார். அத்தனை வருடமும் அந்தப் பெயரை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

 மாமா தம்பிக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார்.

"என்னை வேணுமெண்டால் இஞ்சையே அடிச்சுக் கொல்லு, மருமோன். அவனுக்கு வழி தெரியாது. உன்ரை அப்பரோடை சேர்த்து அனுப்பிவிடு."

தம்பி இன்னொரு பிண்டம் பிடித்தான்.